சுவரில் பல்லி, சுவரில் ஆணி

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் தமிழருக்கு வினைச்சொல்லின் காலங்களைக் காட்டிலும் அதிகத் தொல்லை கொடுப்பவை, பெரும்பாலும் நான்கு எழுத்துகளுக்கு மேல் நீளாத, 'இன்', 'ஆன்', 'அட்' போன்ற முன்னிடைச் சொற்களே (பிரெபொசிஷன்) என்பது என் எண்ணம். காலத்தைத் தவறாகச் சொன்னால் சொன்னவருக்கே அது காதில் உறுத்துகிறது; 'யெஸ்டர்டே ஐ கோ' என்றவர் அடுத்த நொடியில் 'வென்ட்' என்று திருத்திக்கொள்கிறார். 'ஆன்' வரவேண்டிய இடத்தில் 'இன்' வந்துவிட்டாலோ அவருக்கு எதுவும் தெரிவதில்லை. கேட்பவரும் பொருளை ஊகித்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்துவிடுவதால், அந்தப் பிழை யாராலும் தடுக்கப்படாமல் ஆண்டுக்கணக்கில் நிலைத்துவிடுகிறது. மாலை வேளைகளில் எங்கள் பகுதி இளைஞர்கள் சிலருக்கும் வேலைக்குப் போகும் பெண்கள் சிலருக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அவர்களுடைய தாள்களில் நான் சிவப்பு மையால் சுழிக்கும் இடங்களில் பெரும்பாலானவை இந்தச் சிறு சொற்கள் நிற்கும் இடங்கள்தாம்.

பேருந்து நிலையக் கடைகளில் விற்கும் ஆங்கிலக் கையேடுகளில் ஒரு பட்டியல் தவறாமல் இருக்கும். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள்: இன் என்றால் உள்ளே, ஆன் என்றால் மேலே, அட் என்றால் இல். இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தவர் அதை விட்டு வெளியே வருவதற்குப் படும் பாட்டைப் பார்க்கும்போது, அதை அச்சிடாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. தமிழர் ஒருவர் மனத்தில் வாக்கியத்தை அமைக்கும்போது அவருக்குக் கிடைப்பது 'இல்' என்ற ஒரே உருபுதான். அது உள்ளே இருப்பதையும் குறிக்கும், ஒட்டிக்கொண்டிருப்பதையும் குறிக்கும், ஓர் இடத்தருகே நிற்பதையும் குறிக்கும். அந்த ஓர் உருபுக்கு எதிரே ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் நிற்கின்றன; எதை எடுப்பது என்பதற்குப் பட்டியல் விடை சொல்வதில்லை.

சுவரில் பல்லி இருக்கிறது, சுவரில் ஆணி இருக்கிறது, சுவரில் விரிசல் இருக்கிறது. மூன்றும் தமிழில் 'சுவரில்' தான். ஆங்கிலத்தில் பல்லி 'ஆன் தி வால்'. ஆணியும் விரிசலும் 'இன் தி வால்'. பல்லி சுவரின் பரப்பைத் தொட்டுக்கொண்டு வெளிப்புறத்தில் நிற்கிறது. ஆணி சுவருக்குள் இறங்கியிருக்கிறது. விரிசலோ சுவரின் உடம்பிலேயே உண்டான பிளவு. 'ஆன் என்றால் மேலே' என்று படித்த மாணவருக்குப் பல்லி சுவரின் மேலே இருப்பதாகத் தோன்றாது. மேலே என்றால் அவருக்கு மதில் சுவரின் உச்சி நினைவுக்கு வரும். ஆகவே அவர் பல்லியையும் 'இன்' ஆக்கிச் சுவருக்குள் புகுத்திவிடுகிறார். 'ஆன்' என்பதற்கு மேலே, கீழே என்ற கணக்கே கிடையாது. கூரையின் அடிப்பக்கத்தில் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஈயும் 'ஆன் தி சீலிங்' தான். பரப்பைத் தொடுகிறதா என்பது ஒன்றே கேள்வி. விரலில் மோதிரம், சட்டையில் கறை, கதவில் பூட்டு, புத்தகப் பக்கத்தில் படம் என்று தமிழில் 'இல்' போட்டுச் சொல்லும் எத்தனையோ இடங்களில் ஆங்கிலம் 'ஆன்' கேட்பது இதனால்தான்.

மரத்திலும் இதே வேறுபாடு உண்டு. மரத்தில் மாங்காய் என்றால் 'ஆன் தி ட்ரீ'. மரத்தில் குரங்கு என்றால் 'இன் தி ட்ரீ'. காய் கிளையில் முளைத்து அதிலேயே தொங்குகிறது, அது மரத்தைச் சேர்ந்தது. குரங்கு வெளியிலிருந்து வந்து இலைகளுக்கும் கிளைகளுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலம் பேசுவோர் மரத்தை, இலைகளால் சூழப்பட்ட ஒரு கூடாரமாக அந்த நேரத்தில் பார்க்கிறார்கள். இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளையும் படம் போட்டுக் காட்டிவிட்டால், வகுப்பில் பாதிப் பேருக்கு 'இன்', 'ஆன்' குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடுகிறது.

'அட்' அவ்வளவு எளிதில் படத்தில் அடங்காது. அதற்கு உள்ளும் இல்லை, பரப்பும் இல்லை. ஓர் இடத்தைப் புள்ளியாக எண்ணிக்கொண்டு, அந்தப் புள்ளியில் ஒருவர் இருக்கிறார் அல்லது ஏதோ நடக்கிறது என்று மட்டும் அது சொல்லும். வாசலில் யாரோ நிற்கிறார்கள், நிறுத்தத்தில் காத்திருக்கிறேன், திருமணத்தில் சந்தித்தோம் என்பவை எல்லாம் 'அட்'. நிறுத்தத்துக்கு நிழற்குடை உண்டா, நான் அதற்குள் நிற்கிறேனா வெளியே நிற்கிறேனா என்பது அங்கே பேச்சே இல்லை. ஆனால், 'மழை வந்துவிட்டது, நிழற்குடைக்குள் போய் நில்' என்று சொல்ல வேண்டுமானால் 'இன்' வந்துவிடும். ஒரே இடத்தை எந்தக் கண்ணால் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது. இடத்துக்கென்று நிலையான முன்னிடைச் சொல் எதுவும் ஒட்டிவைக்கப்படவில்லை.

முகவரி சொல்லும்போது மூன்றும் வரிசையாக வந்து நிற்பதைக் காணலாம். ஒருவர் சென்னையில், மயிலாப்பூரில், கச்சேரி சாலையில், 12ஆம் எண் வீட்டில் குடியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நகரத்துக்கும் பேட்டைக்கும் 'இன்', சாலைக்கு 'ஆன்', கதவு எண்ணுக்கு 'அட்'. பெரிய பரப்பிலிருந்து கோட்டுக்கும், கோட்டிலிருந்து புள்ளிக்கும் இறங்கி வருகிறோம். தெருவுக்கு 'இன் தி ஸ்ட்ரீட்' என்று சொல்லும் வழக்கம் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் உண்டு. அமெரிக்கர் 'ஆன்' என்றே சொல்வர். தொடக்கநிலையில் இருப்பவர் 'ஆன்' என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

காலத்துக்கும் இதே இறக்கம்தான். இந்தியா எப்போது விடுதலை பெற்றது? 'இன் 1947', 'இன் ஆகஸ்ட்', 'ஆன் 15 ஆகஸ்ட்', 'அட் மிட்நைட்'. ஆண்டும் மாதமும் பரந்தவை, அவற்றுக்கு 'இன்'. நாள் ஒன்று என்றால் 'ஆன்'. கடிகார முள் காட்டும் நேரம் என்றால் 'அட்'. ஒரே நிகழ்ச்சியை வைத்து நான்கையும் சொல்லிப் பழகினால் விதி தனியாகப் படிக்க வேண்டிய அவசியமில்லாமல் நினைவில் நின்றுவிடும். தமிழில் இதே நான்கு இடங்களில் 'இல்' என்பதும் 'க்கு' என்பதும் உருபே இல்லாமையும் மாறி மாறி வருவதைக் கவனியுங்கள்: 1947இல், ஆகஸ்டில், ஆறு மணிக்கு, திங்கட்கிழமை. கிழமைப் பெயருக்குத் தமிழில் உருபு பெரும்பாலும் வருவதில்லை. 'திங்கட்கிழமை வருகிறேன்' என்று சொல்லிப் பழகிய நாவு, 'ஐ வில் கம் மண்டே' என்று 'ஆன்' இல்லாமல் சொல்லிவிடுகிறது. அமெரிக்கரும் பேச்சில் அப்படிச் சொல்வதுண்டு என்றாலும், தேர்வுத் தாளில் அந்தச் சாக்கு செல்லாது.

இதில் சில முரண்டுகள் இருக்கின்றன. காலைக்கும் மாலைக்கும் 'இன் தி மார்னிங்', 'இன் தி ஈவினிங்' என்று வர, இரவுக்கு மட்டும் 'அட் நைட்' என்று வரும். காலையோடு கிழமையைச் சேர்த்துச் சொன்னால் கிழமை வென்றுவிடும். 'ஆன் மண்டே மார்னிங்' என்பதே சரி. அடுத்த, போன, இந்த, ஒவ்வொரு என்ற பொருள் தரும் சொற்கள் முன்னால் வந்துவிட்டால் முன்னிடைச் சொல்லே கூடாது. 'நெக்ஸ்ட் மண்டே', 'லாஸ்ட் இயர்' அவ்வளவுதான். 'ஆன் டைம்' என்றால் குறித்த நேரத்தில். 'இன் டைம்' என்றால் நேரம் தவறிப்போவதற்கு முன்பாக. ரயில் அட்டவணைப்படி வந்தால் 'ஆன் டைம்'. நாம் ஓடிப்போய் அது கிளம்புமுன் ஏறிவிட்டால் 'இன் டைம்'.

வண்டிகளைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. எழுந்து நின்று நடக்க இடமுள்ள பேருந்து, ரயில், விமானம், கப்பல் ஆகியவற்றுக்கு 'ஆன்'; உட்கார மட்டுமே இடமுள்ள கார், ஆட்டோ ஆகியவற்றுக்கு 'இன்'; ஏறி உட்காரும் மிதிவண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மீண்டும் 'ஆன்'. எதில் போனேன் என்று பயண வகையை மட்டும் சொல்லும்போது 'பை பஸ்', 'பை ட்ரெயின்'. நடந்து போனால் 'ஆன் ஃபுட்'.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். ஆங்கில முன்னிடைச் சொற்களைக் கற்பதற்குத் தேவையான கருவியைத் தமிழர் பள்ளியிலேயே படித்துவிட்டு, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். அது வேற்றுமைப் பாடம். எட்டு வேற்றுமைகளையும் உருபுகளையும் ஒப்பித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும்; ஒவ்வோர் உருபுக்கும் என்னென்ன பொருள்கள் என்று பவணந்தியாரின் நன்னூல் பிரித்துக் காட்டியதுதான் நினைவில் நிற்பதில்லை. 'இல்' என்பதையே ஐந்தாம் வேற்றுமையிலும் ஏழாம் வேற்றுமையிலும் வைத்திருக்கிறது நன்னூல். ஏழாம் வேற்றுமைக்கு மட்டும் கண் முதல் இல் வரை 28 உருபுகளை அடுக்கி, அவற்றுக்கிடையே மேல், கீழ், முன், பின், உள், புறம் ஆகியவற்றையும் சேர்த்திருக்கிறது. வடிவம் ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறாக இருக்கலாம், பொருளை வைத்தே பிரிக்க வேண்டும் என்பது நம் இலக்கணத்துக்குப் புதிய செய்தி அன்று. ஆங்கிலம் எழுதும்போது உருபைப் பார்த்து மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டு, அந்த உருபு இங்கே என்ன பொருளில் வந்திருக்கிறது என்று கேட்டால் போதும்.

மூன்றாம் வேற்றுமையை எடுத்துக்கொள்வோம். கருவி, கருத்தா, உடனிகழ்வு என்று அதற்கு மூன்று பொருள்கள். தஞ்சைப் பெரிய கோயில் இராசராசனால் கட்டப்பட்டது என்கிறோம். இராசராசன் கருத்தா, ஆகவே 'பை'. அதன் சிற்பங்கள் உளியால் செதுக்கப்பட்டன என்கிறோம். உளி கருவி, ஆகவே 'வித்'. தந்தையோடு மகன் அந்தக் கோயிலுக்கு வந்தான் என்கிறோம். உடனிகழ்வு, ஆகவே அதற்கும் 'வித்'. கோயில் கருங்கல்லால் கட்டப்பட்டது என்னும்போது கல் கட்டுமானப் பொருள், ஆகவே 'ஆவ்'. அது 1010இல் முடிந்தது என்று சேர்த்துச் சொன்னால் 'இன்' என்பதையும் பார்த்துவிடலாம். பட்டியலை நம்பியவர் 'ஆல்' என்பதற்கு எதிரே 'பை' என்று படித்திருப்பதால் 'பேனாவால் எழுதினேன்' என்பதை 'பை பென்' என்று எழுதுகிறார். கருவியா கருத்தாவா என்று ஒரு கணம் கேட்டிருந்தால் அந்தப் பிழை நேர்ந்திராது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மூன்றாம் வேற்றுமை உருபுகளில் 'ஆன்' என்று ஒன்றும், ஐந்தாம் வேற்றுமையில் 'இன்' என்று ஒன்றும் இருப்பதைக் கண்டு, ஆங்கிலத்து 'ஆன்', 'இன்' இரண்டும் தமிழிலிருந்து போனவை என்று வாட்ஸ்ஆப்பில் யாராவது அனுப்பினால் தயவுசெய்து முன்னனுப்ப வேண்டாம். ஒலி ஒத்திருப்பது தற்செயல். மலையின் வீழ் அருவி என்பதில் உள்ள 'இன்' ஆங்கிலத்தில் 'ஃப்ரம்' ஆகும்.

நான்காம் வேற்றுமையில்தான் ஆங்கிலம் நம்மை அதிகமாகச் சோதிக்கிறது. 'ஆறு மணிக்குக் கடைக்குப் போய், அம்மாவின் தலைவலிக்கு மாத்திரை இருபது ரூபாய்க்கு வாங்கினேன்' என்ற வாக்கியத்தில் 'கு' உருபு நான்கு முறை வந்திருக்கிறது. மணிக்கு 'அட்', கடைக்கு 'டு', தலைவலிக்கு 'ஃபார்', ரூபாய்க்கு மீண்டும் 'ஃபார்'. போய்ச் சேரும் இடம், பெறுபவர் ஆகியவற்றுக்கு 'டு' வரும். பொருட்டு என்ற கருத்துக்கும் விலைக்கும் 'ஃபார்' வரும். 'இரவலர்க்குக் கொடுத்தான்' என்பது கொடை, 'டு'. 'கூலிக்கு வேலை செய்தான்' என்பது பொருட்டு, 'ஃபார்'. 'சாத்தனுக்கு மகன்' என்பது முறை, 'ஆவ்'. 'அம்மாவுக்குத் தலைவலி' என்பதில் ஆங்கிலத்துக்கு முன்னிடைச் சொல்லே தேவையில்லை. அம்மா எழுவாயாகி 'மதர் ஹேஸ் எ ஹெட்ஏக்' என்று வாக்கியமே திரும்பிவிடுகிறது. 'ஃபார் மை மதர் ஹெட்ஏக் இஸ் தேர்' என்று நம் மாணவர்கள் எழுதுவது இந்தத் திருப்பத்தைக் கவனிக்காததால்தான்.

'ஆவ்' என்று எழுதியிருக்கிறேனே என்று வாசகர் திகைக்க வேண்டாம். உடைமையையும் உறவையும் குறிக்கும் அந்தச் சொல்லின் கடைசி ஒலி 'வ்'. விளக்கை அணைக்கச் சொல்லும்போது வரும் சொல்லுக்குத்தான் 'ஆஃப்' என்ற ஒலி. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதி, ஒரே மாதிரி சொல்லியும் விடுகிறோம். கேட்கும்போது இன்னொரு தொல்லை: இயல்பான பேச்சில் முன்னிடைச் சொற்களுக்கு அழுத்தம் கிடையாது. 'டு' என்பது 'ட' என்று சுருங்கும், 'ஃபார்' என்பது 'ஃப' என்று தேயும். காதில் விழாத சொல் பேச்சில் வராமல் போவதில் வியப்பில்லை.

காலத் தொடர்ச்சியைச் சொல்வதில் தமிழ் நமக்குப் பெரிதும் உதவுகிறது, ஆனால் அந்த உதவியை நாம் பெற்றுக்கொள்வதில்லை. 'இரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன்', '2021 முதல் வேலை செய்கிறேன்' என்ற இரண்டையும் தமிழர் யாரும் குழப்புவதில்லை. 'ஆக' என்று முடிந்தால் கால அளவு, அதற்கு 'ஃபார்'. 'முதல்' அல்லது 'இருந்து' என்று வந்தால் தொடங்கிய புள்ளி, அதற்கு 'சின்ஸ்'. இவ்வளவு தெளிவான அடையாளம் கையில் இருந்தும், 'சின்ஸ் டூ இயர்ஸ்' என்பது அலுவலகக் கடிதங்களில்கூடச் சரளமாக உலவுகிறது. இன்னொன்று, இந்த வாக்கியங்களில் வினையும் மாற வேண்டும். 'ஐ ஆம் வொர்க்கிங்' என்பது போதாது, 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்' என்றே வரும்.

அதுபோலவே, 'வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டவும்', 'வெள்ளிக்கிழமை வரை கடை திறந்திருக்கும்' என்ற இரண்டும் தமிழில் தெளிவாகவே வேறுபடுகின்றன. முன்னது கெடு, அதற்கு 'பை ஃப்ரைடே'. பின்னது அதுவரை நீடிப்பது, அதற்கு 'அன்டில் ஃப்ரைடே'. 'குள்' என்பதைப் பார்த்ததும் பலர் 'வித்தின் ஃப்ரைடே' என்று எழுதுகிறார்கள். 'வித்தின்' என்பதற்குப் பின்னால் 'டூ டேஸ்' போன்ற கால அளவு வரலாமே தவிர, ஒரு நாளின் பெயர் வராது. 'பத்து நிமிடத்தில் வருகிறேன்' என்பது மட்டும் அப்படியே 'இன் டென் மினிட்ஸ்' என்று நேராகப் பொருந்திவிடும். இங்கே 'ஆஃப்டர்' போட வேண்டும் என்று சிலர் நினைப்பது தேவையற்ற முன்னெச்சரிக்கை.

அடுத்தது வினைகளோடு ஒட்டி வருபவை. இவற்றில் பிழை இரண்டு திசைகளிலும் நேர்கிறது. தமிழில் உருபோ சொல்லுருபோ இருப்பதால், ஆங்கிலத்தில் வேண்டாத இடத்தில் முன்னிடைச் சொல்லைப் போடுவது ஒன்று. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதால் 'டிஸ்கஸ்' என்பதற்குப் பின் 'அபவுட்' வந்துவிடுகிறது. 'வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்' என்பதால் 'ரீச்' என்பதற்குப் பின் 'டு' நுழைகிறது. 'அவரிடம் கேட்டேன்', 'என்னிடம் சொன்னார்' என்பவற்றால் 'ஆஸ்க்ட் டு ஹிம்', 'டோல்ட் டு மீ' பிறக்கின்றன. 'அறைக்குள் நுழைந்தேன்' என்பது 'என்டர்ட் இன்டு' ஆகிறது, 'எனக்குப் போன் செய்' என்பது 'கால் டு மீ' ஆகிறது. இந்த வினைகள் எல்லாம் ஆங்கிலத்தில் பெயரை நேராக எடுத்துக்கொள்பவை. வீட்டுக்குப் போவது மட்டும் தனி: 'கோ டு ஸ்கூல்' சரி, 'கோ டு ஹோம்' தவறு, வெறும் 'கோ ஹோம்' தான்.

மற்றொன்று, தமிழில் இரண்டாம் வேற்றுமை 'ஐ' வந்து முடிந்துவிடுவதால், ஆங்கிலத்தில் வேண்டிய முன்னிடைச் சொல்லை விட்டுவிடுவது. படத்தைப் பார் என்றால் 'லுக் அட்', பாட்டைக் கேள் என்றால் 'லிஸன் டு', சாவியைத் தேடு என்றால் 'லுக் ஃபார்', அவனைப் பார்த்துச் சிரிக்காதே என்றால் 'லாஃப் அட்'. 'லிஸன் மியூசிக்' என்ற பிழை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. 'எக்ஸ்பிளெயின் மீ' என்பதும் அப்படியே, அங்கே 'டு மீ' என்றுதான் வர வேண்டும். 'டெல்' வேண்டாம் என்கிற 'டு' என்பதை 'எக்ஸ்பிளெயின்' ஏன் வேண்டும் என்கிறது என்று மாணவர் கேட்டால், தொடக்க வகுப்பில் சொல்லத்தக்க காரணம் எதுவும் இல்லை. இந்த இடத்தில் பொருளைக் கேட்கும் முறை கைகொடுக்காது. வினையையும் முன்னிடைச் சொல்லையும் ஒரே சொல்லாக எண்ணி மனத்தில் ஏற்ற வேண்டும்.

மனப்பாடம் என்றால் முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று நினைவூட்டுவேன். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர் எவரை எழுப்பிக் கேட்டாலும், காய்ச்சலுக்கு விடுப்புக் கேட்கும் ஆங்கிலக் கடிதத்தைப் பிழையில்லாமல் ஒப்பிப்பார். 'சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்பதில் 'ஃப்ரம்' தவறியதே இல்லை. தமிழில் 'காய்ச்சலால் அவதிப்படுகிறேன்' என்று 'ஆல்' இருந்தும், அதை ஒருவரும் 'பை ஃபீவர்' என்று எழுதியதில்லை. 'லீவ் ஃபார் டூ டேஸ்' என்பதும் அப்படித்தான் பதிந்தது. கடிதத்தின் தலையில் இருந்த 'ஃப்ரம்', 'டு' இரண்டும் அனுப்புநர், பெறுநர் என்று முதல் நாளே விளங்கிவிட்டன. அந்த ஒரு கடிதத்துக்குச் செய்ததை இன்னும் முப்பது நாற்பது வினைகளுக்குச் செய்தால் அன்றாடப் பேச்சுக்குப் போதும். 'வெயிட் ஃபார்', 'டிபெண்ட் ஆன்', 'பிலாங் டு', 'அஃப்ரெய்ட் ஆவ்', 'குட் அட்' என்று ஒவ்வொன்றையும் தனக்கு உண்மையான ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்லிப் பார்க்க வேண்டும். 'குட் அட்' என்பதில் ஒரு சுவை உண்டு. கல்வியில் பெரியர் கம்பர் என்ற பழைய எடுத்துக்காட்டில் வரும் 'இல்' ஏழாம் வேற்றுமையின் இடப்பொருள் அன்று, ஐந்தாம் வேற்றுமையின் ஏதுப்பொருள், அதாவது காரணப்பொருள். கணக்கில் கெட்டிக்காரர் என்பதும் அதே வகை, அதற்குத்தான் ஆங்கிலம் 'அட்' போடுகிறது.

முன்னிடைச் சொல்லுக்குப் பின்னால் வரும் பெயர்ப்பதிலி எந்த வடிவில் வரவேண்டும் என்பதும் தமிழ் தெரிந்தவருக்கு எளிதில் விளங்கும். 'நானுக்கு', 'நீயோடு' என்று யாராவது சொல்வார்களா? உருபு வந்ததும் நான் என்பது என் ஆகிறது, நீ என்பது உன் ஆகிறது. ஆங்கிலத்திலும் முன்னிடைச் சொல் முன்னே வந்ததும் 'ஐ' என்பது 'மீ' ஆகிறது, 'ஹி' என்பது 'ஹிம்' ஆகிறது. 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்பது தவறு என்று இதைக் கொண்டே மாணவர் தாமாகக் கண்டுபிடித்துவிடுகிறார்.

மாறாக, தமிழால் வரும் இடறல் ஒன்று உண்டு; ஓரளவு தேறியவர்களும் அதில் விழுகிறார்கள். பேனாவால் எழுதுகிறேன் என்ற வாக்கியத்தைப் பெயரெச்சமாக்கினால், 'நான் எழுதும் பேனா' என்று ஆகிறது. 'ஆல்' காணாமல் போய்விடுகிறது. வீட்டில் வசிக்கிறேன் என்பது 'நான் வசிக்கும் வீடு' ஆனதும் 'இல்' மறைகிறது. தமிழில் அது குறையே இல்லை, கேட்பவருக்கு எல்லாம் விளங்கும். ஆங்கிலம் அந்தச் சொல்லை விடாது. 'தி பென் ஐ ரைட் வித்', 'தி ஹவுஸ் ஐ லிவ் இன்' என்று வாக்கியத்தின் வாலில் அதைத் தொங்கவிட்டே ஆக வேண்டும். கேள்விகளிலும் அப்படியே. 'வேர் ஆர் யூ ஃப்ரம்' என்பது எல்லோருக்கும் பழகிவிட்டது. 'ஹூ ஆர் யூ வெயிட்டிங் ஃபார்' என்பதில்தான் கடைசிச் சொல் உதிர்ந்துவிடுகிறது. இதற்கு நான் கொடுக்கும் பயிற்சி: முதலில் முழு வாக்கியத்தை, 'ஐ லிவ் இன் தி ஹவுஸ்' என்று எழுத வேண்டும், பிறகு பெயரை மட்டும் முன்னே தூக்கி வைக்க வேண்டும், 'இன்' இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

எதை முதலில் படிப்பது என்று கேட்பவர்களுக்கு, இன், ஆன், அட், டு, ஃப்ரம், ஃபார், வித் ஆகிய ஏழும் முதல் மாதத்துக்குப் போதும் என்று சொல்கிறேன். ஒரு நாளைக்குத் தமிழ்ச் செய்தித்தாளில் ஒரு பத்தியை எடுத்து, அதில் வரும் 'இல்', 'கு' உருபுகளை எல்லாம் அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றும் எந்தப் பொருளில் வந்திருக்கிறது என்று ஓரத்தில் குறித்து, அதன் பிறகே ஆங்கிலச் சொல்லை எழுத வேண்டும். 'பை', 'ஆவ்', 'சின்ஸ்', 'அன்டில்' ஆகியவை இரண்டாவது மாதம். 'ஓவர்', 'அபவ்' இடையே உள்ள வேறுபாட்டையும், 'பிட்வீன்', 'அமங்' இடையே உள்ளதையும் அவசரப்பட்டுப் படிக்க வேண்டியதில்லை. 'கிவ் அப்', 'புட் ஆஃப்', 'ஃபைண்ட் அவுட்' என்று வினையோடு சேர்ந்து வினையின் பொருளையே மாற்றிவிடும் சொற்களைப் பல கையேடுகள் இதே பாடத்தில் திணித்து வைத்திருக்கின்றன. அவை இங்கே சேரா. அவற்றை வினைச்சொற்களின் பாடத்தில் புது வினைகளாகவே படிக்க வேண்டும்.